ஒரே தாளம், பல குரல்கள்: யமேக்க ‘றிடிம்’ பற்றிய ஒரு நோக்கு

கலைப் படைப்பொன்றை மதிப்பிடப் புகும்போது நாம் முதலில் எழுப்பும் வினா, ‘இதிற் புதுமை யாது?’ என்பதாகும். பிறரிடம் காணப்படாத ஒன்று படைப்பாளியிடம் இருத்தல் வேண்டும், அதுவே அவனது தனித்துவம் என்னும் கருத்து நமது திறனாய்வுப் பழக்கத்தில் ஆழ ஊறிவிட்டது. இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு யமேக்கத் தீவின் டான்ஸ்ஹோல் இசையை அணுகுவோர் திகைத்துப்போவர். அங்கே ஒரே பின்னணியிசையின் மீது பத்துப் பேர், இருபது பேர், சில வேளைகளில் நூற்றுக்கணக்கானோர் தத்தம் பாடல்களைப் பதிவு செய்திருக்கின்றனர். 1973 இல் உருவான பின்னணியிசை 1982 இல் ஒரு பெண்ணின் குரலையும் 1985 இல் ஓர் இளைஞனின் குரலையும் தாங்கி நிற்கின்றது. இதனை அங்குள்ள இரசிகர் களவென்று கொள்வதில்லை. பழகிய தாளத்தின் மீது புதிய குரலொன்று எழும்போது அவர்கள் ஆரவாரித்து வரவேற்கின்றனர்.

இவ்வாறு பலராற் பகிர்ந்துகொள்ளப்படும் பின்னணியிசையே ‘றிடிம்’ எனப்படுகின்றது. ‘றிதம்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் யமேக்க வழக்கு இது. ஆயினும் இதனைத் தாளம் என்று மட்டும் மொழிபெயர்த்துவிட முடியாது. டிரம் வாத்தியத்தின் அடியும் பேஸ் கிற்றாரின் ஆழ்ந்த சுரவரிசையும் பிரிக்கவியலாதவாறு பிணைந்த ஓர் இசையுரு அது. சில விநாடிகளில் ஒரு சுற்று முடிந்து, மீண்டும் அதே சுற்றுத் தொடங்கும். ஒவ்வொரு றிடிமுக்கும் தனிப்பெயர் உண்டு. பாடகர் மாறலாம், சொற்கள் மாறலாம், மெட்டும் மாறலாம். றிடிமின் பெயர் மாறுவதில்லை.

றிடிமின் நிலைபேறு குறித்து இருவகைக் கருத்துகள் பொதுவாக முன்வைக்கப்படுவதுண்டு. ஒன்று, இது கற்பனை வறுமையின் விளைவு, செலவைச் சுருக்க எண்ணிய வணிகரின் உபாயம் என்பது. மற்றையது, இது தனியுடைமைக்கு அப்பாற்பட்ட மக்கள் கலை, எல்லோருக்கும் உரிய பொதுச்சொத்து என்பது. இவ்விரண்டும் உண்மையின் ஒரு பகுதியையே காட்டுகின்றன என்பதும், றிடிமின் கவர்ச்சிக்கு அடிப்படையான காரணத்தை அதனைக் கேட்டு மதிப்பிடும் மக்களிடத்தே தேடவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

தோற்றமும் சூழலும்

1950களிற் கிங்ஸ்ரன் நகரின் உழைக்கும் மக்கள் வாழ்ந்த பகுதிகளில் நடன நிகழ்ச்சிக்கு வாத்தியக் குழுவொன்றை அமர்த்துவது செலவுமிக்க காரியமாக இருந்தது. அவ்விடத்தை ‘சவுண்ட் சிஸ்ரம்’ எனப்பட்ட ஒலிபெருக்கிக் குழுக்கள் பிடித்துக்கொண்டன. பென்னம்பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளையும் கொண்டு, மண்டபங்களிலும் திறந்த வளவுகளிலும் அவை நடனங்களை நடத்தின. ‘டான்ஸ்ஹோல்’ என்பது முதலில் இந்த இடத்தின் பெயரே. 1980களை ஒட்டிய காலத்திலேதான் அது ஓர் இசைவகையின் பெயராகவும் வழங்கத் தொடங்கிற்று. ஆகவே இவ்விசை வானொலி நிலையத்திலோ அரங்க மேடையிலோ பிறந்ததன்று. ஆடுகின்ற கூட்டத்தின் நடுவே பிறந்தது. இது பின்னர் கூறப்படுவனவற்றுக்கெல்லாம் அடிப்படையானது.

இத்தகைய குழுக்களை நடத்தியவர்களே பின்னர் இசைத்தட்டுத் தயாரிப்பாளர்களாயினர். அவர்களுள் முதன்மையானவர் கிளெமன்ற் ‘கொக்ஸன்’ டொட். 1962 இல் யமேக்கா பிரித்தானியரிடமிருந்து சுதந்திரம் பெற்றது. அதற்கடுத்த ஆண்டிற் கிங்ஸ்ரனின் பிரென்ற்பேர்ட் வீதியில் டொட் தமது ‘ஸ்ரூடியோ வன்’ பதிவுக்கூடத்தைத் திறந்தார். பிற்காலத்து றிடிம்களிற் பெருந்தொகையானவை அக்கூடத்தில் 1960களில் வாசிக்கப்பட்டவையே.

பாடலிலிருந்து பின்னணியிசை பிரிந்து தனித்து வாழத் தொடங்கிய வரலாறு பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. 1960களின் பிற்பகுதியில் ஸ்பானிஷ் ரவுன் நகரில் ஒலிபெருக்கிக் குழு நடத்திய றடி றெட்வூட் என்பவருக்காக, பரகன்ஸ் குழுவினரின் பாடலொன்றின் மாதிரித் தட்டு வெட்டப்பட்டபோது குரற்பகுதி தவறுதலாக விடுபட்டுப் போயிற்று. அத்தட்டு நடனத்தில் ஒலித்தபோது, விடுபட்ட சொற்களைக் கூட்டமே பாடி நிரப்பியது என்பர். தற்செயலாக நேர்ந்தது வழக்கமாயிற்று. இசைத்தட்டின் ஒரு பக்கத்திற் பாடலும், மறுபக்கத்திற் குரல் நீக்கிய ‘வேர்ஷன்’ என்னும் பின்னணியிசையும் அச்சாகத் தொடங்கின. கிங் ரப்பி போன்ற மின்னணு வல்லுநர்கள் இப்பின்னணியிசையிலிருந்து ஒவ்வொரு வாத்தியமாக நீக்கியும் சேர்த்தும் ‘டப்’ எனப்படும் புதிய கலையையே உருவாக்கினர்.

குரல் நீங்கிய வெளியில் வேறொரு குரல் நுழைந்தது. இசைத்தட்டுச் சுழலும்போது ஒலிவாங்கியைப் பிடித்துச் சந்த நயத்தோடு பேசிக் கூட்டத்தை ஊக்குவோர் யமேக்காவில் ‘டீஜே’ எனப்பட்டனர். அவர்களுள் ஒருவரான யூ-றோய் 1970 இல் பழைய பாடல்களின் பின்னணியிசைமீது தமது பேச்சைப் பதிவு செய்தார். அப்பதிவுகள் மூன்று, யமேக்க விற்பனைப் பட்டியலின் முதல் மூன்று இடங்களையும் ஒருங்கே பிடித்தன. 1974 இல் றூப்பி எட்வேர்ட்ஸ் ஒரே றிடிமின் மீதமைந்த பாடல்களை மட்டும் கொண்டு ‘யமஹா ஸ்காங்க்’ என்ற நெடுந்தட்டை வெளியிட்டார். அதற்கு ஆதாரமாயமைந்தது ஸ்லிம் ஸ்மித்தும் யுனீக்ஸ் குழுவினரும் 1968 இற் பாடிய ஒரு பாடல். ஒரு தட்டு முழுவதும் ஒரே பின்னணியிசை என்பது இன்றும் நம்மிற் பலருக்கு வியப்பளிக்கக்கூடும். அந்நாட்டு இரசிகருக்கோ அது கேட்கத்தக்க, வாங்கத்தக்க ஒரு பொருளாயிருந்தது.

மலிவு மட்டுமா காரணம்?

றிடிமின் பொருளாதார அடித்தளத்தை மறைத்துவிட்டு அதன் அழகியலைப் பேசுதல் நேர்மையாகாது. வாத்தியக் கலைஞர் அன்றைய பதிவுக்கான கூலியைப் பெற்றுக்கொண்டு சென்றனர். பதிவு நாடா தயாரிப்பாளரின் உடைமையாயிற்று. ஒருமுறை பதிவான வாத்திய இசையை எத்தனை முறை வேண்டுமானாலும் அவர் பயன்படுத்தலாம். புதிய பாடலுக்குப் புதிய பாடகர் ஒருவரே போதும். 1970களின் இறுதியில் டொட் தமது பழைய நாடாக்களின் மீது சுகர் மினற் போன்ற இளம் பாடகர்களைப் பாடவைத்தார். அதே காலப்பகுதியை ஒட்டி, ‘ஜுன்ஜோ’ லோஸ் முதலிய புதிய தயாரிப்பாளர்கள் றூற்ஸ் றடிக்ஸ் குழுவினரைக் கொண்டு அதே பழைய றிடிம்களை மீள வாசிக்கச் செய்து வெளியிட்டனர். மூலதனம் குறைந்த ஒரு தொழிலில் இஃது இயல்பான வளர்ச்சியே.

ஆயின், மலிவு என்பது ஒரு பொருள் ஏன் உற்பத்தியாகிறது என்பதை விளக்கலாமேயன்றி, மக்கள் அதனை ஏன் மீண்டும் மீண்டும் விரும்புகின்றனர் என்பதை விளக்கமாட்டாது. மலிவாகச் செய்யப்பட்ட எத்தனையோ றிடிம்கள் ஓரிரு திங்களில் மறக்கப்பட்டன. ‘றியல் றொக்’ என்னும் றிடிம் 1967 இல் ஸ்ரூடியோ வன் கூடத்தில் சவுண்ட் டைமென்ஷன் குழுவினரால் வாசிக்கப்பட்டது. அதன்மீது வில்லி வில்லியம்ஸ் பாடிய ‘ஆமகிடியன் ரைம்’ என்ற பாடலை 1979 இல் இங்கிலாந்தின் கிளாஷ் என்ற றொக் குழு தானும் எடுத்துப் பாடியது. சிக்கனம் ஒன்றே காரணமாயின், ஒரு கடல் கடந்து வேறொரு மக்கள் கூட்டத்தை இது எட்டியிருக்கவியலாது.

நிலைத்து நின்ற றிடிம்களை ஊன்றிக் கேட்குமிடத்து இரு பண்புகள் புலனாகின்றன. முதலாவது, ஓரிரு விநாடிகளுக்குள்ளேயே அடையாளங் காணத்தக்கதாயிருத்தல். பேஸ் கிற்றாரின் முதல் நான்கைந்து சுரங்கள் ஒலித்தவுடனேயே கூட்டம் அதனை இனங்கண்டு குரலெழுப்பும். இரண்டாவது, முற்றாக நிரப்பப்படாதிருத்தல். றெகே இசையின் புகழ்பெற்ற ‘வன் டிரொப்’ அடியிற் சுற்றின் முதல் அடி வெறுமையாக விடப்பட்டு, மூன்றாம் அடியிலே பாரம் விழுகின்றது. ‘றியல் றொக்’கின் பேஸ் சுரவரிசையும் இடையிடையே நின்று மௌனத்துக்கு வழிவிடுகின்றது. அந்த மௌனமே அடுத்த பாடகனுக்கு விடுக்கப்படும் அழைப்பு. தன்னளவில் முற்றுப்பெற்ற இசையில் இன்னொருவருக்கு இடமிருப்பதில்லை. ஆகவே, வெறுமை இங்கு குறைபாடாகாமல் உருவத்தின் ஒரு கூறாக அமைகின்றது.

ஒரு றிடிம், மூன்று பாடல்கள்

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குதல் பொருத்தமாகும். ‘ஸ்ரலாக்’ என்ற றிடிம் 1973 இல் வின்ஸ்ரன் றைலியின் தயாரிப்பில் அன்சல் கொலின்ஸின் ஓகன் இசையாக வெளிவந்தது. போர்க் கைதிகளைப் பற்றிய 1953 ஆம் ஆண்டின் அமெரிக்கத் திரைப்படமொன்றின் பெயரையே அது தாங்கியிருந்தது. அப்படத்துக்கும் பின்னர் இதன்மீது எழுந்த பாடல்களுக்கும் யாதொரு தொடர்புமில்லை. 1979 இல் ஜெனரல் எக்கோ என்ற டீஜே ‘ஆர்லீன்’ என்ற பாடலை இதன்மீது அமைத்தார். அது வேடிக்கைப் பேச்சின் பாங்கிலமைந்தது. பெண்ணொருத்தியைப் பற்றி நகைச்சுவையோடு செல்வது.

1982 இற் சிஸ்ரர் நான்சி இதே றிடிமின் மீது ‘பாம் பாம்’ பாடினார். டீஜே கலை ஏறத்தாழ முற்றிலும் ஆண்களின் கையிலிருந்த காலம் அது. ஒரு பெண் ஒலிவாங்கியைப் பிடிக்க ஆசைப்படுவதை ஊரார் ஏன் பேசுபொருளாக்குகின்றனர் என்று வினவி, தன் ஆற்றலைத் தானே அறிவிக்கும் பாடல் அது. அதன் பல்லவி ரூட்ஸும் மேய்ரல்ஸ் குழுவினரும் 1966 இற் பாடி விழாப் பாடற் போட்டியிற் பரிசு வென்ற பாடலொன்றிலிருந்து வந்தது. பின்னணியிசை இரவல், பல்லவியும் இரவல். ஆயினும் அப்பாடலைக் கேட்கும் எவரும் அது சிஸ்ரர் நான்சியின் பாடல் என்பதில் ஐயங்கொள்ளார். அவசரமின்றி, அடியின் மீது நிதானமாகக் காலூன்றிச் செல்லும் அக்குரலின் தன்னம்பிக்கையே பாடலின் பொருளாகவும் அமைகின்றது.

மூன்றாண்டுகளின் பின்னர், 1985 இல், ரெனர் சோ என்ற இளம் பாடகர் ‘றிங் த அலாம்’ என்ற பாடலை இதன்மீது பாடினார். எதிரணி ஒலிபெருக்கிக் குழுவொன்று மடிகின்றதென அறிவிக்கும் வெற்றி முழக்கம் அது. ஆனால் அவர் குரலோ வெற்றி முழக்கத்துக்குரிய மிடுக்கோடு ஒலிப்பதில்லை. இரங்கற்பாட்டின் சாயலில், நீண்டு நெகிழ்ந்து, சுருதியின் விளிம்பிலே தயங்கி நிற்கின்றது. சொல் வெற்றியைக் கூற, குரல் துயரத்தைக் கூறுகின்றது. சிஸ்ரர் நான்சி ஊன்றி நின்ற அதே அடிகளின் மேல் இவர் மிதந்து செல்கிறார்.

இம்மூன்று பாடல்களும் வெவ்வேறு பின்னணியில் அமைந்திருப்பின், அவற்றின் வேறுபாட்டுக்கு இசையமைப்பும் ஒரு காரணமென்று கருதியிருப்போம். பின்னணி ஒன்றாயிருப்பதால், வேறுபாடு முழுவதும் பாடுவோரின் ஆற்றலாலும் நோக்காலும் விளைந்ததென்பது ஐயத்துக்கிடமின்றித் தெளிவாகின்றது. றிடிமின் அடிப்படையான பயன் இதுவே. அது ஒப்பீட்டைச் சாத்தியமாக்கும் ஒரு பொதுத் தளம். நடனத்தில் இசைத்தட்டுகளைத் தெரிந்து ஒலிக்கவிடுவோர், ஒரே றிடிமிலமைந்த பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியின்றித் தொடுப்பர். ஒரு குரல் ஓய்ந்த இடத்தில் அடுத்த குரல் எழும். எவர் அடியைச் சிறப்பாகப் பிடித்தார், எவர் புதிய மெட்டொன்றைக் கண்டார், எவர் பிறரைப் போலப் பாடினார் என்பதைக் கூட்டம் அவ்விடத்திலேயே தீர்ப்பிட்டுவிடும். சிறந்த பாடலை மீண்டும் தொடக்கத்திலிருந்து ஒலிக்கச் செய்யும் அதிகாரமும் அக்கூட்டத்தின் ஆரவாரத்துக்கே உண்டு.

தனித்துவத்தைப் பொதுமை அழித்துவிடும் என்று அஞ்சுவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். இங்கே பொதுமையே தனித்துவத்தைக் காட்டும் கண்ணாடியாயிருக்கின்றது. வாய்மொழிப் புலவர் வழிவழி வந்த வாய்பாடுகளைக் கொண்டே ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாடுகின்றனர் என்பதனை மில்மன் பரியும் அல்பேட் லோட்டும் யூகோசிலாவியப் பாடகரிடையே நிகழ்த்திய ஆய்வுகள் எடுத்துக்காட்டின. அந்நோக்கினைப் பேராசிரியர் கைலாசபதியின் ஆய்வு வழியாக நன்கறிந்த நமக்கு, றிடிமின் இயல்பைப் புரிந்துகொள்வது கடினமன்று. வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே வாய்பாடு புலவனின் நினைவிலிருந்தது. இங்கே அது பதிவு நாடாவில், ஒருவரின் உடைமையாக இருந்தது. இவ்வேறுபாட்டின் விளைவுகளைப் பின்னர் காண்போம்.

இயந்திரத்தினுள் இருந்த றிடிம்

1985 ஆம் ஆண்டு டான்ஸ்ஹோல் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. நோயல் டேவியும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் கசியோ நிறுவனத்தின் எம்.ரி.-40 என்ற சிறிய மின்னிசைக் கருவியில் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்த தாள-பேஸ் வடிவமொன்றைக் கண்டெடுத்தனர். தயாரிப்பாளர் கிங் ஜமி அதன் வேகத்தைக் குறைத்து மெருகூட்டினார். ‘ஸ்லெங் ரெங்’ என்ற றிடிம் பிறந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் நடந்த ஒலிபெருக்கிக் குழுக்களின் போட்டியொன்றில் அது முதன்முதலாக ஒலித்தபோது கூட்டம் கொண்ட பரவசம் இன்றும் பேசப்படுகின்றது. ஒரு பேஸ் கிற்றார் வாத்தியக்காரரும் ஒரு டிரம் வாத்தியக்காரரும் இன்றி உருவான அந்த றிடிமின் மீது பின்னர் நூற்றுக்கணக்கான பாடல்கள் எழுந்தன. சில ஆண்டுகளுக்குள்ளேயே யமேக்க இசைத்துறை கணினி ஒலிகளின் வசமாயிற்று.

இந்த இயந்திர ஒலியின் பின்னாலும் ஒரு மனிதக் கை இருந்தது. 1981 இல் விற்பனைக்கு வந்த அக்கருவிக்கான தாள வடிவங்களை அமைத்தவர் ஹிரோகோ ஒகுதா என்ற இளம் யப்பானியப் பெண். இசைக் கல்லூரியொன்றிற் கற்றுப் பட்டம் பெற்று, 1980 இற் கசியோவிற் பணிக்குச் சேர்ந்தவர். கல்லூரியில் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் றெகே இசை. ‘றொக்’ எனப் பெயரிடப்பட்ட அத்தாள வடிவத்தில் அவர் காதிற் படிந்திருந்த யமேக்க இசை கரைந்திருந்ததில் வியப்பில்லை. கிங்ஸ்ரனிலிருந்து இசைத்தட்டாக ரோக்கியோ சென்ற ஒன்று, இயந்திரத்தின் உருவில் மீண்டும் கிங்ஸ்ரனுக்கே வந்து சேர்ந்தது.

‘ஸ்லெங் ரெங்’கை எள்ளியோர் அன்றும் இருந்தனர். பொத்தானை அழுத்தினால் எவருக்கும் கிடைக்கும் ஒலி எவ்வாறு கலையாகும் என்பது அவர்கள் வினா. எவருக்கும் கிடைக்கும் என்பதே அதன் சிறப்பு எனலாம். அக்கருவி உலகின் பல நாடுகளில் விற்பனையாயிற்று. அந்த ஒலியைக் கேட்டோர் பலர். அதற்குள் ஒரு றிடிம் இருப்பதைக் கண்டுகொண்டது கிங்ஸ்ரன் நகரமே. இருபது ஆண்டுகளாகப் பொதுத் தளமொன்றின் மீது பாடியும் தீர்ப்பளித்தும் பழகிய ஒரு சமூகத்தின் செவிப்பயிற்சி அக்கண்டுபிடிப்பிலே தொழிற்பட்டது.

உலகச் சந்தையிற் றிடிம்

2002, 2003 ஆம் ஆண்டுகளில் இன்னொரு கட்டம் தோன்றிற்று. ஸ்ரீவன் ‘லெங்கி’ மார்ஸ்டன் என்பவர் அமைத்த, கைதட்டொலிகளை முதன்மையாகக் கொண்ட ‘திவாலி’ என்ற றிடிமின் மீது சோன் போல், வெய்ன் வொண்டர் ஆகியோர் பாடிய பாடல்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியல்களில் உயர்ந்த இடங்களைப் பெற்றன. சோன் போலின் ‘கெற் பிசி’ 2003 இல் முதலிடத்தையே எட்டியது. நியூயோர்க்கைச் சேர்ந்த லூமிடீ என்ற பாடகியும் அதே றிடிமின் மீது பாடி வெற்றி கண்டார்.

ஒரே பின்னணியிசை ஒரே ஆண்டில் மூன்று வேறு பாடல்களாக வலம் வந்தது. நடனத்தில் அவை ஒன்றோடொன்று உரையாடும் பாடல்களாக ஒலித்தன; உலகச் சந்தையிலோ மூன்று தனிப் பண்டங்களாக விற்பனையாயின. ஒப்பிட்டுத் தீர்ப்பிடும் கூட்டம் அங்கு இல்லை. தனித்தனியே வாங்குவோரே இருந்தனர். றிடிம் சந்தைக்குட் புகும்போது அதன் ஒலி செல்கின்றது. அதனைச் சூழ்ந்திருந்த சமூக உறவு பின்தங்கிவிடுகின்றது.

பொதுமையின் விலை

இவ்விடத்திலேதான் மேற்குறித்த இரண்டாவது கருத்தினை ஆராய வேண்டியுள்ளது. றிடிம் எல்லோருக்கும் உரிய பொதுச்சொத்து எனக் கூறுவது கேட்பதற்கு இனியது. ஆயின், அந்தப் பொதுச்சொத்தின் பயன் யாரைச் சேர்ந்தது?

‘பாம் பாம்’ உலகெங்கும் பரவியது. 1998 இல் ‘பெலி’ என்ற அமெரிக்கத் திரைப்படத்தில் இடம்பெற்றது. 2017 இல் ஜே-ஸீயின் பாடலொன்றிற் கலந்தது. சிஸ்ரர் நான்சியோ அமெரிக்காவிற் குடியேறி, நியூ ஜேர்சியில் வங்கியொன்றிற் பணியாற்றி வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமக்கு உரிமைப்பணம் எதுவும் கிடைக்கவில்லை என்றும், 2014 அளவில் விளம்பரமொன்றில் அப்பாடலைக் கேட்ட பின்னரே உரிமைகோர முனைந்ததாகவும் அவரே நேர்காணல்களிற் கூறியுள்ளார். யமேக்காவில் நவீன பதிப்புரிமைச் சட்டம் 1993 இலேயே நடைமுறைக்கு வந்தது. அதுவரை 1911 ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டமே அங்கு வழங்கியது. அடித்தளமான றிடிம்களிற் பெரும்பாலானவை அதற்கு முன்னரே உருவாகிவிட்டன. ‘றியல் றொக்’கில் ட்ரொம்போன் வாசித்தவர் வின் கோடன். அந்த றிடிமின் மீது பாடியோர் எத்தனையோ பேரை நாம் அறிவோம். வாசித்தோரின் பெயரைத் தேடியே அறியவேண்டியுள்ளது.

ஆகவே றிடிம் பொதுவானதாயிருந்தது என்பதை அதற்கு உடைமையாளர் இருக்கவில்லை என்று பொருள்கொள்ளலாகாது. பயன்பாடு பொதுவாயிருந்தது, வருவாய் தனியாயிருந்தது. வாத்தியக் கலைஞரின் உழைப்பு எல்லோருக்கும் கொடையாயிற்று. அவர்களுக்குக் கிடைத்தது அன்றைய கூலி மட்டுமே. மக்கள் கலை என்ற புகழ்ச்சொல்லால் இந்தச் சுரண்டலை மூடிவிடுதல் திறனாய்வாளருக்கு அழகன்று.

இதன் எதிர்விளைவையும் நம் காலத்திலேயே காண்கின்றோம். ஸ்டீலி, கிளீவி எனப் புகழ்பெற்ற வைக்கிளிவ் ஜோன்சனும் கிளீவ்லண்ட் பிறவுணும் 1989 இல் ‘பிஷ் மாக்கற்’ என்ற றிடிமை உருவாக்கினர். அதன் வழிவந்த தாளமே ஸ்பானிய மொழியில் வழங்கும் றெகேட்டோன் இசையின் முதுகெலும்பாயிற்று என்பர். ஜோன்சன் 2009 இற் காலமானார். 2021 இற் கிளீவியும் ஜோன்சனின் வாரிசுரிமைத் தரப்பினரும் கலிபோர்னிய நீதிமன்றில் வழக்குத் தொடர்ந்தனர். பின்னர் அது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களையும் உள்ளடக்குமாறு விரிந்தது. வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யுமாறு கோரிய விண்ணப்பங்களை 2024 இல் நீதிபதி பெரும்பாலும் ஏற்க மறுத்தார்.

இவ்வழக்கிற் பக்கஞ்சார்வது எளிதன்று. தம் உழைப்பின் மீது பெருஞ்செல்வம் எழுந்ததைக் கண்ட கலைஞர், அதிலொரு பங்கைக் கோருவது நியாயமே. மறுபுறம், ஓர் அடித்தாளம் தனியுடைமை எனத் தீர்ப்பாகுமாயின், ‘ஸ்ரலாக்’கின் மீது ரெனர் சோ பாடியதும், சிஸ்ரர் நான்சி பழம்பல்லவியொன்றைத் தனதாக்கியதும் இனி எவ்வாறு சாத்தியமாகும்? பகிர்வினாற் பிறந்த ஒரு கலை, தன்னைக் காத்துக்கொள்ளப் பகிர்வைத் தடுக்கும் சட்டத்தையே நாட நேர்ந்தமை அக்கலையின் குற்றமன்று. பகிர்ந்தோருக்கு உரியதைக் கொடுக்காது பகிர்வை மட்டும் போற்றிய ஓர் அமைப்பின் விளைவு அது. தடைசெய்யும் உரிமை வேறு, ஊதியம் பெறும் உரிமை வேறு. எவரும் பாடலாம், பாடிப் பொருளீட்டுவோர் வாசித்தோருக்கும் ஒரு பங்கு கொடுத்தல் வேண்டும் என்னும் ஏற்பாடே றிடிமின் இயல்புக்கு ஒத்தது என்பது என் கருத்து.

உருவமும் உள்ளடக்கமும்

இன்னொன்றையும் கூறாது விடுதல் முறையன்று. றிடிம் எதனையும் தாங்கும். தாங்குவதன் நன்மை தீமையை அது தெரிவு செய்வதில்லை. ஒரே றிடிமின் மீது ஒடுக்கப்பட்டோரின் குமுறலும் எழலாம். வன்முறையைப் புகழும் பாட்டும், சிறுபான்மையினரை இழிவுபடுத்தும் பாட்டும் எழலாம். டான்ஸ்ஹோலில் இவையெல்லாம் எழுந்துள்ளன. இப்பாடல்களிற் காணப்படும் பாலியல் வெளிப்படைத்தன்மையைக் காட்டி அவற்றை முற்றாக ஒதுக்கியோருக்கு மறுமொழியாக, மேற்கிந்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியை கரலின் கூப்பர் 1993 இல் வெளியிட்ட நூலில் இவ்வாய்மொழிக் கலையை ஊன்றிப் படிக்கவேண்டியதன் தேவையை வலியுறுத்தினார். ஊன்றிப் படித்தல் என்பது அனைத்தையும் ஏற்றுக்கொள்ளுதல் ஆகாது. உருவம் பொதுவாயிருப்பதனாலேயே உள்ளடக்கத்துக்கான பொறுப்பு முழுவதும் பாடுவோர்மீது விழுகின்றது. இசை என்னை இவ்வாறு பாடச் செய்தது என்று எவரும் தப்பித்துக்கொள்ள முடியாது. அதே இசையில் இன்னொருவர் வேறுவிதமாகப் பாடியிருக்கின்றார் என்பதற்கு அடுத்த தட்டே சான்று.

2018 இல் யமேக்காவின் றெகே இசையை யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. அரும்பொருட் காட்சியகத்துக்குரிய மதிப்பு அது. றிடிமின் வாழ்வோ காட்சியகத்தில் இல்லை. ஒரு பழைய பேஸ் சுரவரிசை ஒலிக்கத் தொடங்கியதும், ‘இதில் இனி என்ன பாட இருக்கின்றது?’ என்ற ஐயத்தோடும் ஆவலோடும் செவிசாய்க்கும் கூட்டத்திலேயே அது வாழ்கின்றது. அக்கூட்டம் பழையதைப் பழையதென்பதற்காகப் போற்றுவதில்லை. புதியதைப் புதியதென்பதற்காக ஏற்பதுமில்லை. தான் நன்கறிந்த ஒன்றின்மீது வைத்துப் புதியதை நிறுத்துப் பார்க்கின்றது. ‘இதிற் புதுமை யாது?’ என்று வினவும் நாம், ‘எதனோடு ஒப்பிடப் புதுமை?’ என்று அடுத்துக் கேட்கத் தவறுகின்றோம். கிங்ஸ்ரனின் வளவுகளிற் கூடிய மக்கள் அந்த இரண்டாவது வினாவுக்கான விடையை முதலிலேயே ஒலிக்கவிட்டு, அதன் பின்னரே பாடகரை அழைத்தனர். பெயரறியப்படாத வாத்தியக் கலைஞருக்கு அவர்கள் பட்டிருக்கும் கடன் இன்னும் தீர்க்கப்படாதிருப்பினும், திறனாய்வு என்பது கற்றோரின் தனியுடைமை என்று எண்ணுவோருக்கு அவர்கள் கற்பிக்க வேண்டியது நிறையவே உண்டு.